ஏவிய கையும் செய்த கையும்

அண்டை வீட்டார் தம் மனையில் புதுவீடு எழுப்புகின்றனர். அவர்கள் அமர்த்திய ஒப்பந்தக்காரரின் ஆட்கள் நம் வாசலைக் கெடுத்துவிடுகின்றனர். முறையிடச் சென்றால், "நாங்கள் மொத்தமாக மேஸ்திரியிடம் விட்டுவிட்டோம், அவரைக் கேளுங்கள்" என்று வீட்டுக்காரர் விடையிறுக்கிறார். மேஸ்திரி லாரி ஓட்டி வந்தவரைக் கைகாட்டுகிறார். லாரி ஓட்டி வந்தவரோ முன்தினமே வேறூர் போய்விட்டார். கெட்டது கெட்டபடியே கிடக்க, கெடுத்தவர் எவருமில்லை என்ற முடிவுக்கு வழக்கு வந்து சேர்கிறது. இத்துணைச் சிறிய செய்தியில் அறநெறி இறையியலுக்கு என்ன வேலை என்று வாசகர் வினவக்கூடும். சிறிய செய்தியேயாயினும், கெடுதல் நிகழ்ந்தும் கெடுத்தவர் இலர் எனும் இந்த வியப்பான நிலை எவ்வாறு உருவாகிறது என்பதை நாம் நின்று நோக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. நம் காலத்துப் பெரும் அநீதிகள் பலவும் இதே வடிவில்தான் அமைந்துள்ளன.

மேலைநாடுகளில் இவ்வழக்கு வீட்டுமுன் வளர்க்கும் புல்தரையைப் பற்றியதாக எழும். காஞ்சிபுரத்தில் புல்தரை ஏது? பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. இரு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதும் உண்டு. திண்ணைக்கும் தெருவுக்கும் இடையே ஒரு முழ அகலத்தில் நந்தியாவட்டையோ செம்பருத்தியோ ஒரு மல்லிகைக்கொடியோ இருந்தால் அதுவே அவ்வீட்டின் தோட்டம். அதன் முன்னே நாள்தோறும் சாணம் தெளித்துக் கோலம் இடும் மண்தரை. அவ்வளவே. ஆனால் அந்த வாசலும் அதனை ஒட்டிய தெருவும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. அதிகாலையில் வெயில் ஏறுமுன் பட்டுப்பாவைத் தெருநெடுக நீட்டி, இழைகளை ஒழுங்குபடுத்தி, அறுந்தவற்றைத் தேடிப் பிணைப்பது இவ்வூர் வழக்கம். அக்கம்பக்கத்தார் வந்து கைகொடுத்தாலன்றி அவ்வேலை முடியாது. ஆகவே தெரு இங்கே பட்டறையின் நீட்சி. வாசல் தொழிற்கூடத்தின் ஒரு பகுதி.

இனி, ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடுகள் எழும்பும் இந்நாளில் என்ன நிகழ்கிறது என்று காண்போம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரி வருகிறது. பூமிக்குள்ளிருந்து பீறிடும் சாம்பல்நிறச் சேற்றுநீரை எங்கே விடுவது என்று எவரும் முன்கூட்டி எண்ணுவதில்லை. தாழ்வான பக்கம் எதுவோ அப்பக்கம் அது போகிறது. தாழ்வான பக்கத்தில் ஒரு குழித்தறி இருக்கலாம். நெசவாளர் கால்களை இறக்கி மிதிகளை மிதிக்கும் அக்குழியில் நீர் ஊறினால் தறி நின்றுபோம். ஈரம் ஏறிய பட்டிழையும் சொன்னபடி கேளாது. ஜல்லியும் எம்சாண்டும் கொட்டப்படும்போது எழும் தூசு அடுத்த வீட்டுத் தறியில் பூட்டிய பாவின்மேல் படிகிறது. கடைக்கால் வெட்டும் இயந்திரத்தின் பல் ஒருமுறை பிசகினால் செம்பருத்தி வேரோடு போகிறது. பொதுச்சுவரில் விரிசல் ஓடுகிறது.

நட்டத்தின் அளவைக் கவனிப்போம். ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலைகள் நெய்வர். அப்பட்டு பெரும்பாலும் நெய்பவருக்குச் சொந்தம் அன்று. முதலாளி வீட்டிலிருந்தோ கூட்டுறவுச் சங்கத்திலிருந்தோ எடை போட்டு வாங்கி வந்தது. எடைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். கூலியோ நெய்து முடித்த சேலைக்குத்தான். தறி நின்ற நாளுக்கு எவரும் கூலி தருவதில்லை. கோர்வைக் கரை வைத்த சேலையாயின் உடனிருந்து நாடா எறியும் துணையாளின் பிழைப்பும் அதே தறியைச் சார்ந்தது. ஆக, அண்டை வீட்டாரின் மேஸ்திரி அலட்சியமாகத் திருப்பிவிட்ட ஒரு வாய்க்கால் இரண்டு குடும்பங்களின் உலைநீரைத் தொட்டுவிடுகிறது. "ஒரு செடி போனதற்கா இவ்வளவு?" என்று எளிதாகக் கேட்பவர்கள் இதனைக் கணக்கில் எடுப்பதில்லை.

"மேஸ்திரியைக் கேளுங்கள்" என்ற விடைக்கு வருவோம். அதனை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட நாம் துணியவில்லை. வீட்டுக்காரருக்குக் கட்டடக்கலை தெரியாது. தெரிந்தவரைத் தேடிப் பிடித்து, நம்பி, வேலையை ஒப்படைத்தார். அதற்குமேல் அவர் செய்யத்தக்கது யாது? திருவள்ளுவரும் 'தெரிந்து வினையாடல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, தக்கவனைத் தேர்ந்தபின் வினையை அவன் பொறுப்பில் விட்டுவிடுதலே முறை என்கிறார். நித்தமும் மேஸ்திரியின் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர் வேலையையும் கெடுப்பார், நட்பையும் கெடுப்பார். ஆயினும் வினையை ஒருவன்பால் விடுவது ஒன்று. வினையால் விளையும் கடனை அவன்பால் விட்டுவிடுவது மற்றொன்று. முன்னதை மட்டுமே வள்ளுவர் பேசினார். நம்மவர் அதன் நிழலில் பின்னதையும் நுழைத்துவிடுகின்றனர்.

இக்கேள்வி நீதிமன்றம் ஏறிய கதை ஒன்று உண்டு. அதுவும் ஒரு நெசவுத் தொழிலதிபரைப் பற்றியது என்பதால் நம் ஊருக்கு நெருக்கமானது. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் ஜான் ரைலண்ட்ஸ் என்பார் பருத்தி ஆலைகள் பல நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டினார். தம் ஆலை ஒன்றுக்கு நீர் வேண்டி நீர்த்தேக்கம் ஒன்றை 1860இல் கட்டுவித்தார். தாமே மண்வெட்டி பிடிக்கவில்லை. திறமையான பொறியாளரையும் ஒப்பந்தக்காரரையும் அமர்த்தினார். அவர்கள் தோண்டும்போது பழைய சுரங்கக் குழிகள் சில தென்பட்டன. மண்மூடிக் கிடந்த அவற்றைச் சரியாக அடைக்காமலேயே வேலையை முடித்தனர். ரைலண்ட்ஸுக்கு இது தெரியாது. அவ்வாண்டு டிசம்பர் 11 அன்று, நீர் நிரப்பிய சிறிது காலத்திலேயே, தேக்கம் கீழே உடைந்து, பழைய குழிகள் வழியாகப் பாய்ந்து, அண்டையில் தாமஸ் பிளெச்சர் என்பார் நடத்திய நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. நட்டம் 937 பவுன். வழக்கு ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் நடந்தது. முதலில் விசாரித்த நீதிமன்றத்தில் பெரும்பான்மை ரைலண்ட்ஸ் பக்கமே நின்றது. 1866இல் மேல்முறையீட்டில் நீதிபதி பிளாக்பர்ன் அதனை மாற்றினார். 1868இல் பிரபுக்கள் சபை அம்மாற்றத்தை உறுதி செய்தது. கட்டுக்கடங்காது வெளியேறினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் நலனுக்காகத் தன் நிலத்துக்குக் கொண்டுவருபவர், அது வெளியேறி விளைவித்த கேட்டுக்குத் தாமே பொறுப்பு. தம்மிடம் பிழை இல்லை என்பது விடையாகாது. சுருங்கக் கூறின் தீர்ப்பின் உட்கருத்து இதுவே. ஒப்பந்தக்காரரின் பின்னால் ஒளிந்துகொள்ள ரைலண்ட்ஸால் இயலவில்லை.

இங்கே நம் குருமடக் கல்வி சற்றே இடறுகிறது என்பதை மறைக்கலாகாது. நாம் பயின்ற அறநெறிக் கையேடுகள் ஈடுசெய்யும் கடமையைப் பற்றிப் பேசுகையில் இறையியற்குற்றம், சட்டக்குற்றம் என இரண்டாகப் பகுத்தன. அறிந்து விரும்பிச் செய்த தீங்குக்கே மனச்சான்றில் ஈட்டுக்கடன் உண்டு. அறியாது நேர்ந்ததாயின் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே கட்டுப்பாடு எழும் என்பது அவற்றின் பொதுவான போதனை. அதன்படி பார்த்தால் 1860க்கும் 1868க்கும் இடைப்பட்ட காலத்தில் ரைலண்ட்ஸ் நிம்மதியாக உறங்கியிருக்கலாம். ஒப்புரவு அருளடையாளத்தில் அவர் அறிக்கையிட ஏதுமில்லை. (அவர் கத்தோலிக்கரும் அல்லர், ஆழ்ந்த பற்றுடைய காங்கிரிகேஷனல் சபையினர்.) இப்பகுப்பு பயனற்றது என்று நாம் கூறவில்லை. அஞ்சி நடுங்கும் மனச்சான்றுகளைத் தேவையற்ற சுமையிலிருந்து அது காத்தது. ஆனால் குற்றம் இல்லையேல் கடனும் இல்லை என்ற சோம்பலான முடிவுக்கு அது நம்மைப் பழக்கியும் விட்டது. குற்றம் வேறு, கடன் வேறு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் சொல்ல ஒன்றுமில்லாத மனிதர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "என் வீட்டு வேலையால் உங்களுக்கு நட்டம் வந்தது, என்ன செய்யட்டும்?" என்று கேட்கக் கடமைப்பட்டிருக்கலாம். மாடி எழும்பி அதன் காற்றும் வாடகையும் யாருக்கு வருமோ, அந்த மாடி எழும்புகையில் சிந்திய சேறும் அவருக்கே உரியது. நன்மை என்னுடையது, சேதம் மேஸ்திரியினுடையது என்று பங்கு பிரிப்பது எந்தக் கணக்கிலும் நேராகாது.

ரைலண்ட்ஸின் பெயரைப் பற்றி இடையில் ஒன்று. அவர் மறைவுக்குப் பின் அவர்தம் துணைவியார் என்ரிகேட்டா மான்செஸ்டரில் கணவர் நினைவாக நூலகம் ஒன்றை எழுப்பினார். 1900இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. விவிலியம் பயின்றோர் அனைவரும் அந்நூலகத்தை அறிவர். யோவான் நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துத் துண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் பப்பிரசுத் துணுக்கு, அங்கேதான் இருக்கிறது. 1935இல் அது அச்சில் வெளியிடப்பட்டது. 18ஆம் அதிகாரத்தின் 31 முதல் 33, 37 முதல் 38 ஆகிய வசனங்களின் சிதைந்த சொற்கள் அதில் காணப்படுகின்றன. பிலாத்து இயேசுவின் வழக்கைத் தன் கையிலிருந்து உதறி, நீங்களே கொண்டுபோய் உங்கள் சட்டப்படி தீர்த்துக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிடப் பார்க்கும் பகுதி அது. "மேஸ்திரியைக் கேளுங்கள்" என்பதன் பழைய உரோமை வடிவம் என்று அதனைச் சொல்லலாம். பிறரைக் கைகாட்டித் தப்ப முடியாது என்று தீர்ப்புப் பெற்றவரின் பெயரைத் தாங்கிய நூலகத்தில் அந்தத் துணுக்கு போய் அமைந்தது தற்செயலே. எனினும் நினைக்குந்தோறும் நமக்கு வியப்பே மிகுகிறது.

விவிலியத்தில் இப்பொருளுக்கு மிக அண்மையில் நிற்பது நாபோத்தின் திராட்சைத் தோட்டம். அரசர்கள் முதல் நூல் 21ஆம் அதிகாரத்தை நாம் பேராசையின் கதையாகவே மறையுரைகளில் விளக்கி வருகிறோம். அது அண்டை வீட்டாரின் கதையும் ஆகும். அரண்மனையை அடுத்திருந்த தோட்டத்தை ஆகாபு காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். நேர்மையான விலையும் பேசினான். வேறு நல்ல தோட்டம் தருவதாகவும் கூறினான். மூதாதையர் உரிமை என்று நாபோத்து மறுத்தான். ஆகாபு முகம் திருப்பிக் கட்டிலில் படுத்து உண்ணாதிருந்தான். அதற்குமேல் அவன் செய்தது ஒன்றுமில்லை என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மடல் எழுதியவள் ஈசபேல். முத்திரை மட்டும் அவனுடையது. நோன்பு கூறுவித்தவர்கள் நகரப் பெரியோர். பொய் சொன்னவர்கள் இரண்டு கயவர். கல்லெறிந்தவர்கள் ஊரார். இத்தனை கைகளைக் கடந்து நாபோத்து இறந்த செய்தி வந்தபோது, ஆகாபு எழுந்து தோட்டத்தை உடைமையாக்கப் போனான். அங்கேதான் எலியா அவனைச் சந்தித்தார். கல்லெறிந்தவர்களிடம் எலியா அனுப்பப்படவில்லை. கொலையும் கொள்ளையும் உன்னுடையவை என்று தோட்டத்தில் நின்றவனைத்தான் அவர் வினவினார். உரியாவின் மரணத்தில் நாத்தான் தாவீதிடம் கூறியதும் இதுவே: வாள் அம்மோனியருடையதாயினும் கை உன்னுடையது.

அண்டை வீட்டாரை ஆகாபுவோடு ஒப்பிடுவது மிகை என்று வாசகர் முகம் சுளிக்கலாம். ஒப்பிடவில்லை. வீட்டுக்காரர் எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். பொறுப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை மட்டுமே அக்கதையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். எத்தனை கைகள் இடையில் நின்றாலும் பயன் எவரிடம் போய்ச் சேர்கிறதோ அவரிடமே கேள்வியும் போய்ச் சேர்கிறது. புனித அக்குவினா தோமையார் தம் இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்தில், ஈடுசெய்தலைப் பற்றிய 62ஆம் வினாவில், பிறர் செய்யும் தீங்கில் ஒருவன் பங்குபெறும் வழிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுகிறார்: ஏவுதல், அறிவுரைத்தல், இசைதல், முகத்துதி செய்தல், அடைக்கலம் தருதல், உடன் சேர்தல், வாய் மூடியிருத்தல், தடுக்க வேண்டியவன் தடாதிருத்தல், வெளிப்படுத்தாதிருத்தல். திருப்பிக் கொடுக்கும் வரிசையில் முதலில் ஏவியவனையும், அவனுக்குப் பின்னரே செய்தவனையும் அவர் நிறுத்துகிறார். வீட்டுக்காரர் சேற்றை அங்கே விடு என்று ஏவவில்லை, உண்மைதான். ஆனால் மூன்று நாள் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் எனில், பட்டியலின் கடைசி மூன்றையும் அவர் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.

இதற்கு எதிர்வழக்கும் ஒன்று உண்டு. அது நம் பக்கத்திலேயே எழுந்தது. இன்று ஆந்திரத்தில் உள்ளதும் அன்று வடார்க்காட்டில் இருந்ததுமான கார்வேட்டிநகரம் ஜமீனில், பெருமழையில் ஏரிகள் உடைந்து மதராஸ் இரயில்வே கம்பெனியின் பாதைக்குச் சேதம் விளைவித்தன. கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பைக் காட்டி ஜமீன்தாரிடம் நட்டஈடு கேட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் 1874இல் அதனை மறுத்தது. ஏரிகள் ஜமீன்தார் தம் சொந்த நலனுக்குக் கட்டிக்கொண்டவை அல்ல, தொன்றுதொட்டு வருபவை, மக்கள் உயிர்வாழ இன்றியமையாதவை, அவற்றைப் பேணுவது அவருக்கு விதிக்கப்பட்ட கடமை, கவனக்குறைவு காட்டப்படாதவரை அவர் பொறுப்பல்லர் என்பது முடிவு. ஏரிகளால் வாழ்ந்த தொண்டைநாட்டில் பிறந்த எவரும் இத்தீர்ப்பின் நியாயத்தை உணர்வர். பொதுவுக்காகச் சுமப்பவனும் தனக்காகச் சேர்ப்பவனும் ஒரே தட்டில் நிறுக்கத்தக்கவர் அல்லர்.

ஆனால் இந்த நியாயம் வழுக்கும் தன்மையது. நம் ஆலயங்களும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டப்படும்போது ஒப்பந்தக்காரர்களின் லாரிகள் எவர் வாசலில் நிற்கின்றன? சுற்றுச்சுவருக்கு வெளியே குடியிருப்போர் பெரும்பாலும் எளியவர். பல இடங்களில் பிற சமயத்தவர். "இறைப்பணிதானே, பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று நம் பங்குப் பேரவையினர் சொல்லக் கேட்டிருக்கிறோம். கார்வேட்டிநகரத்து ஏரி அண்டை வயலுக்கும் நீர் பாய்ச்சியது. நம் புதிய சமூகக்கூடம் அடுத்த வீட்டு நெசவாளருக்கு என்ன பாய்ச்சுகிறது என்பதை முதலில் சொல்லிவிட்டு அந்த நியாயத்தைக் கையில் எடுப்பது நன்று. கவனக்குறைவுக்கு அத்தீர்ப்பும் விலக்கு அளிக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

வீட்டுக்காரர் பொறுப்பை ஏற்றுக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். வழக்கு அத்துடன் தீர்ந்ததா? இங்கேதான் நமக்கு மிகுந்த அச்சம். அவர் நெசவாளருக்குக் கொடுத்த தொகையை ஒப்பந்தக்காரரின் கணக்கில் கழிக்கிறார். ஒப்பந்தக்காரர் மேஸ்திரியின் கணக்கில் கழிக்கிறார். மேஸ்திரி சனிக்கிழமை மாலை கூலி எண்ணும்போது சித்தாளின் கையில் இரு நாள் கூலியைக் குறைக்கிறார். அந்தச் சித்தாள் கலவைச் சட்டி சுமக்கும் பெண்ணாகவோ, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த, நம் மொழி தெரியாத இளைஞனாகவோ இருப்பார். சேற்றை எங்கே விடுவது என்று அவரிடம் எவரும் ஆலோசனை கேட்டதில்லை. நீதி என்ற பெயரில் மேலே தொடங்கிய ஈடு, நீர் பள்ளம் தேடுவது போல, யார் மிகத் தாழ்வில் நிற்கிறாரோ அவரிடம் போய்ச் சேர்ந்து அநீதியாகி நிற்கிறது. கூலியாளின் ஊதியம் இரவு முழுவதும் உன்னிடம் தங்கலாகாது என்று லேவியர் நூலும், அறுத்தவர்க்கு மறுத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபும் எச்சரித்தது இத்தகைய சனிக்கிழமை மாலைகளைப் பற்றியே. வேலை கெட்டால் கூலியில் பிடித்தம் என்பதன் வலியை நெசவாளரைவிட நன்கறிந்தவர் எவர்? சேலையில் ஒரு குறை கண்டால் முதலாளி வீட்டில் என்ன நேரும் என்பது அவர் அனுபவம். ஆகையால், தமக்கு வந்த நட்டஈடு எவர் கையிலிருந்து பிடுங்கப்பட்டது என்று கேட்கும் உரிமையும் கடமையும் அவருக்கு உண்டு என்பது நம் கருத்து.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பைக் குறித்து வெளியிட்ட சுற்றுமடலில் நேர்முக முதலாளி, மறைமுக முதலாளி என்றொரு வேறுபாட்டைச் செய்தார். அரசையும் பெரும் அமைப்புகளையும் மனத்தில் கொண்டே அதனை எழுதினார். ஆயினும் ஒரு மாடி வீடு கட்டுபவரும் தம் அளவில் மறைமுக முதலாளியே. மிகக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்ட மேஸ்திரியை அவர் தேர்ந்தெடுத்தபோதே, சேற்றை அள்ளிச் செல்ல வண்டி வராது என்பதும், தூசைத் தடுக்கத் தார்ப்பாய் கட்டப்படாது என்பதும் பாதி முடிவாகிவிட்டன. நம் நாட்டில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே, தொழில் நடத்துவோர் ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் அமர்த்தினாலும், விபத்துக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பைத் தலைமை முதலாளியின்மேல் சுமத்தி, பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அவர் அதனைப் பெற்றுக்கொள்ளலாம் என்று வகுத்தது. பாதிக்கப்பட்டவன் முதலில் எவர் கதவைத் தட்டுவது என்பதில் அச்சட்டத்துக்கு ஐயம் இருக்கவில்லை.

பாதிக்கப்பட்டவரின் கடமையைப் பற்றி இனிப் பேசுவோம். நம்மிடம் முறையிட வருவோர் பெரும்பாலும் அவர்களே. முதற்கண், கையில் கடப்பாறையுடன் நிற்கும் தொழிலாளியிடம் தெருவில் கத்துவது வீண், கோழைத்தனமும்கூட. திருப்பிப் பேச இயலாதவனிடம் சினம் கொள்வது எளிது. மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரம் காட்டும் வழி வேறு: முதலில் தனியே சென்று சகோதரனிடம் அவன் பிழையை எடுத்துரைத்தல், அவன் செவிசாய்க்காவிடின் ஓரிருவரை உடனழைத்தல், அதற்கும் இசையாவிடின் சபைமுன் வைத்தல். நம் மக்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர். முதலில் தெரு முழுவதும் அறிகிறது. பின்னர் வட்ட உறுப்பினர் அறிகிறார். இறுதியில்தான் அண்டை வீட்டார் அறிகின்றனர். அருகிலுள்ள உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று வகுத்துக் கூறுகிறது. ஊர்சபை வழக்குத் தீர்க்கும் மரபு நமக்குப் புதிதன்று. ஆனால் அது மூன்றாம் படி.

"கிறிஸ்தவன் மன்னித்துவிட வேண்டியதுதானே? ஏன் கேட்க வேண்டும்?" என்று பக்தியுள்ளோர் சிலர் வினவுகின்றனர். மன்னிப்பைப் பற்றி நாம் குறைத்துப் பேசோம். ஆனால் தனக்குரியதை மட்டுமே ஒருவன் மன்னிக்க முடியும். செம்பருத்தி என்னுடையது, மன்னித்தேன். பாவு சங்கத்தினுடையது, அதனை மன்னிக்க நான் யார்? தறி நின்றதால் பட்டினி கிடந்த துணையாளின் பசியை அவர் சார்பில் நான் எவ்வாறு மன்னிப்பது? மேலும், மன்னிப்பு என்று நாம் பெயரிடும் பலவும் அச்சமே. அண்டை வீட்டார் வட்டிக்குப் பணம் தருபவர், செல்வாக்குள்ளவர். பகைத்தால் நாளை பாவு நீட்ட வரமாட்டார். வாய் திறக்காமல் உள்ளே புகைந்துகொண்டு, நற்கருணை வரிசையில் அவருக்கு முன்னே நிற்பதை மன்னிப்பு என்று ஆண்டவர் அழைக்கவில்லை.

கேட்பதிலும் அளவு உண்டு. விடுதலைப் பயண நூலின் 21, 22ஆம் அதிகாரங்கள் இதில் வியக்கத்தக்க நுட்பம் காட்டுகின்றன. ஆட்டைத் திருடி விற்றவன் ஒன்றுக்கு நான்கு கொடுக்க வேண்டும். ஆனால் மூட்டிய நெருப்பு முட்செடியில் பற்றி அயலான் கதிர்க்கட்டை எரித்துவிட்டால், எரிந்த அளவே ஈடு. திருட்டும் கவனக்குறைவும் ஒன்றல்ல. சக்கேயு நான்கு மடங்கு என்றது அவரே முன்வந்து தந்தது. எவரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை. பழைய விரிசலையும் புதிய விரிசலோடு சேர்த்து எண்ணிக் காட்டுபவர், அநீதியிலிருந்து ஆதாயம் தேடுகிறார். அப்படியானால் மொட்டு விட்டு நின்ற மல்லிகைக்கு மதிப்பு என்ன? விதைத்த வயலை அழித்தவன் முழு அறுவடையின் விலையையும் தர வேண்டுமா என்று தோமையாரும் கேட்டுக்கொண்டார். வேண்டா, அறுவடை இன்னும் கைக்கு வரவில்லை, வரும் வழியில் பல இடையூறுகள் உண்டு. ஆனால் வெறும் விதையின் விலையும் போதாது; ஆளையும் நிலைமையையும் நோக்கி நியாயமான ஏதோ ஒன்று தரப்பட வேண்டும் என்பது அவர் விடை. அந்த 'ஏதோ ஒன்று' எவ்வளவு என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. இரு வீட்டாரும் திண்ணையில் அமர்ந்துதான் சொல்ல வேண்டும்.

எஞ்சுவது கடினமான ஒரு நிலை. வீடு கட்டுபவரும் ஏழை. அரசுத் திட்டத்தில் தவணை தவணையாகப் பணம் பெற்று, போதாமைக்கு நகையை அடகு வைத்து, ஓர் அறையை எழுப்பும் கைம்பெண். முன்பணம் வாங்கிய மேஸ்திரி பாதியில் மறைந்துவிட்டார். சேறு மட்டும் அடுத்த வீட்டுத் தறிக்குழியில் கிடக்கிறது. இவரும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவரா? நாம் இதுவரை கூறியவற்றின்படி, ஆம். கடன் உண்டு, வழிதான் இல்லை. தோமையார் இதற்கும் இடம் வைத்திருக்கிறார். திருப்பித் தர இயலாதவர், தாமாகவோ பிறர் வழியாகவோ உரியவரிடம் சென்று, கடனை விட்டுவிடும்படியோ காலம் தரும்படியோ கேட்க வேண்டும் என்கிறார். கேட்காமல் இருந்துவிடும் உரிமை மட்டும் இல்லை. கேட்கப்பட்டவருக்கோ அப்போதுதான் முதன்முறையாக உண்மையில் மன்னிக்கும் வாய்ப்பு வருகிறது. அதுவரை அவரிடம் இருந்தது பொறுமலோ பொறுமையோ மட்டுமே. பணமாகத் தர இயலாதவர் நாளாகத் தரலாம். குழியிலிருந்து நீரை இறைக்க ஆள் வேண்டும். தெருவில் மறுபடி பாவை நீட்டும் காலையில், அறுந்த இழைகளைத் தேடிப் பிணைக்க இன்னும் இரண்டு கைகள் வேண்டும். அவ்வேலைக்கு அண்டை வீட்டார் வருவது இவ்வூரில் முன்பே வழக்கம்தான்.